ஒரு செங்கல் கனம்

வீட்டை அறுக்க வெள்ளிக்கிழமை காலை ஆள் வருகிறது என்று மகள் பிலியானா லின்ஸ் நகரத்திலிருந்து போனில் சொன்னபோது சவ்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, "சரி சரி" என்றாள். வேறு என்ன சொல்வது? பனாத் சமவெளியில் வீட்டை அறுப்பது அதிசயமில்லை. தீஸா ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சிற்றூரில் இடுப்பளவு தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். ஓதம் சுவரில் ஏறி, பூச்சு பொரிந்து, உப்புப் பூத்து, அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை கறுத்துவிட்டால் சுவர் அறுக்கிறவனைக் கூப்பிடுவார்கள். அவன் சங்கிலி ரம்பத்தோடு வந்து, தரைக்கு ஒரு சாண் மேலே, வீட்டின் கணுக்காலில், சுவரைக் குறுக்கே அறுப்பான். ஒரு கை நீளம் அறுத்ததும் அந்தப் பிளவில் கெட்டியான பிளாஸ்டிக் தகட்டைச் செருகி, ஆப்பு அடித்து, சிமெண்டுக் குழம்பைப் பாய்ச்சிவிட்டு அடுத்த துண்டுக்குப் போவான். சுற்றி வந்து முடித்ததும் வீடு தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கும், தண்ணீர் கீழேயே நின்றுவிடும். அந்தத் தெருவில் பாதி வீடுகள் இப்படி அறுபட்டு, சௌக்கியமாக நிற்கின்றன.

அவை செங்கல் வீடுகள்.

சவ்காவின் வீடும் செங்கல் வீடுதான் என்று அவள் கணவர் மிலிவோய் சொல்லாத நாள் கிடையாது. ஓய்வு பெறும் வரை டவுன் பஸ் ஓட்டியவர். முன் இருக்கையில் உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் அந்த வீட்டின் கதை தெரியும். "அடியிலருந்து முகடு வரைக்கும் செங்கல். சூளையில ரெண்டு தடவை வெந்த செங்கல். ஆறே வந்து முட்டினாலும் ஆத்துக்குத்தான் தலைவலி" என்பார். மகள் பிறந்த வருஷம் ஆரம்பித்த பெருமை. பேரன் பிறந்தும் ஓயவில்லை.

சவ்காவுக்கு மட்டும் வேறொன்று தெரியும். அது மண் வீடு. பலகைகளுக்கு நடுவே வைக்கோல் கலந்த மண்ணைக் கொட்டி இடித்து இறுக்கிய சுவர். தெருவைப் பார்த்த முகத்தில் மட்டும் ஒரு செங்கல் கனத்துக்குச் சட்டை போட்டிருந்தது. அஸ்திவாரமும் முன்னறைக்கு அடியில் இருக்கும் நிலவறையும் செங்கல். அவற்றுக்கு மேலே, கூரை வரைக்கும், மண். பல வருஷம் ஈரம் குடித்து, தொட்டால் உதிரும் பிட்டுப் போல ஆகிவிட்ட மண். அதன் காலடியில் ரம்பத்தை ஓட்டினால், அந்த அதிர்விலேயே வீடு உட்கார்ந்துவிடும்.

இதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவள் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள். முக்கியமாக, பக்கத்து அறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த மனிதரிடம்.

"யாரு, பிலியானாவா?" என்று அங்கிருந்து குரல் வந்தது.

"அவதான். வெள்ளிக்கிழமை அறுக்க வர்றாங்களாம். ஒண்ணு வீட்டைக் காய வைங்க, இல்ல வீட்டை விட்டுட்டு இங்க வந்து அடுக்குமாடியில இருங்கன்னு சொல்றா."

டிவியின் சத்தம் குறைந்தது. "வெள்ளிக்கிழமையா? அன்னிக்கு மழை வரும்னு சொன்னான்."

"இப்பவே மழைதான் பெய்யுது மிலே."

"அதான் சொல்றேன்" என்றார் மிலிவோய். சத்தம் மறுபடியும் கூடியது.

*

சவ்காவின் அப்பா ஆர்சென் செங்கல் சூளையில் தீ போடுகிறவர். தங்கையை ஒரு மண் வீட்டுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். கரை உடைந்த ஒரு வசந்தத்தில், கீழ்த்தெருவின் மண் வீடுகள் களைத்த மாடுகள் படுப்பதுபோல ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டன. தங்கையின் வீடு படுத்தபோது தங்கை உள்ளே இருந்தாள். அதற்குப் பிறகு ஆர்சென் வீட்டில் ஒரே சட்டம்தான்: மண் வீட்டுக்குப் பெண் கிடையாது.

மிலிவோய் பெண் கேட்டபோது அவர் குடும்பம் வயல்வெளியில் ஒற்றைப் பண்ணை வீட்டில் இருந்தது. அதுவும் மண்தான். பதில் கிடைப்பதற்குள் அவரைப் பட்டாளத்துக்கு அழைத்து, மாசிடோனியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய அப்பா ஸ்வெதோசார் வாயைத் திறக்கவில்லை. பண்ணையை விற்றார், ஊருக்குள் ஒரு வீடு வாங்கினார். கோடை முழுவதும் அங்கே என்னவோ வேலை நடந்தது. செங்கல் ஏற்றிய வண்டிகள் ஆர்சென் வேலை பார்த்த சூளையிலிருந்தே வந்தன. மிலிவோய் சேவை முடிந்து மரப்பெட்டியும் கையுமாக வந்து நின்றபோது சிவந்த முகத்தோடு ஒரு வீடு தெருவைப் பார்த்து நின்றது.

கல்யாணத்தன்று ஆர்சென் வீட்டைப் பார்வையிட்டதை சவ்கா பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். முதலில் நிலவறைக்கு இறங்கி, வளைவைத் தடவிப் பார்த்தார். மேலே வந்து முன்னறையில் நின்றார். விருந்தாளிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சுண்ணாம்பு அடித்த சுவரை விரல் முட்டியால் மூன்று இடத்தில் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். ஸ்வெதோசார் கையில் இருந்த கோப்பையை மறந்துவிட்டு நின்றார்.

"நல்ல செங்கல்" என்றார் ஆர்சென். அப்புறம் அதே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து விடிய விடியப் பாடினார். அவர் பாடியதை அதற்கு முன்பு யாரும் கேட்டதில்லை.

கல்யாணமான அந்த வாரமே சவ்கா அம்மா கொடுத்த கண்ணாடியை மாட்ட ஆணி அடித்தாள். ஒரே அடியில், வாழைத்தண்டில் இறங்குவதுபோல ஆணி முழுக்க உள்ளே போய்விட்டது. பிடுங்கினால், ஆணியோடு மஞ்சள் மண்ணும் வைக்கோல் துணுக்கும் வந்தன. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது வாசற்படியில் மாமனார்.

"என்னம்மா, ஆணி போயிடுச்சா?"

"போயிடுச்சு மாமா. கை நிறைய மண்ணு வந்திருக்கு."

ஸ்வெதோசார் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "உங்கப்பா செங்கல் வீடு கேட்டாரு. கண்ணுக்குத் தெரியற மட்டும் கட்டிட்டேன். தெரியாத இடத்துக்கு என் கை எட்டல."

"மிலேக்குத் தெரியுமா?"

"அவன்தான் பட்டாளத்துல இருந்தானே. தெரியாது. தெரிஞ்சா பய ஒடிஞ்சு போயிருவான்மா. பொய் சொல்லிப் பொண்ணு கட்டிக்கிட்டோம்னு உங்கப்பா முகத்துல முழிக்க மாட்டான். உனக்குத் திரும்பிப் போகணும்னா நானே வண்டி கட்டறேன். போகலேன்னா, குலப் புனிதரோட மெழுகுவர்த்தி மேல கை வைச்சு, அவன்கிட்ட சொல்ல மாட்டேன்னு சொல்லு."

சவ்கா கையைக் கழுவிவிட்டு வந்து மெழுகுவர்த்தி மேல் வைத்தாள். கண்ணாடியை வேறு இடத்தில், ஜன்னல் சட்டத்தின் மரத்தில் மாட்டினாள்.

*

அந்த முதல் வருஷங்களில் வீடு ஒரு குறையும் வைக்கவில்லை. குளிர்காலத்தில் கதகதப்பு, கோடையில் குளிர்ச்சி. ஈஸ்டருக்கு முன்னால் பெண்கள் எல்லோரும் சுண்ணாம்பு கரைத்து அடிப்பார்கள், தெருவே பளிச்சென்று இருக்கும். நிலவறையில் முட்டைக்கோஸ் பீப்பாய், ஒயின் குடம், மணலில் புதைத்த காரட். ஜூலை மாத வெயிலில் மிலிவோய் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக நிலவறைப் படிக்கட்டில் போய்ப் படுப்பார். சவ்கா தர்பூசணியை அங்கேயே கொண்டுபோவாள். பிலியானா கடைசிப் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். சில நாள் மிலிவோய் அக்கார்டியனையும் இறக்கிக் கொண்டுவருவார். அந்த வளைவுக்குள் ஒரு சுரம் வாசித்தால் நாலு சுரமாகக் கேட்கும். தெருவில் போகிறவர்கள் காற்றுத்துளை வழியாகக் குனிந்து, "என்ன மிலே, பாதாளத்துல கல்யாணமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அப்புறம் தெருவுக்குக் குழாய் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், வாத்தியம் வைத்துத் திறந்தார்கள். அன்றோடு கிணறுகளை மூடிவிட்டார்கள். இறைக்காத கிணறு என்ன செய்யும்? ஊற்றெல்லாம் மண்ணிலேயே தங்கியது. குழாயில் வந்து வீட்டில் புழங்கிய தண்ணீரும் கொல்லைக் குழிகளில் இறங்கி அதோடு சேர்ந்துகொண்டது. இரண்டு மூன்று வசந்தங்களில் நிலவறைகளில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. முதலில் ஈரம், பிறகு குட்டை, பிறகு கெண்டைக்கால் வரை. பீப்பாய்கள் மேலே வந்தன. அக்கார்டியன் அலமாரியின் மேல் ஏறியது.

மிலிவோய் செங்கல் வீட்டுக்காரர்கள் செய்வதையெல்லாம் செய்தார். சுவரின் அடியைச் சுற்றி சிமெண்ட் பாவாடை கட்டினார். அதன் மேல் தார் பூசினார். ஓதம் முழங்கால் வரை வந்தது. சிமெண்டின் மேல் பழுப்பு டைல்ஸ் ஒட்டினார், அப்போது எல்லோரும் ஒட்டினார்கள். ஓதம் டைல்ஸுக்கு மேலே எட்டிப் பார்த்தது. உள்ளே பளபளவென்று மரப்பலகை அடித்தார். ஓதம் பலகைக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஜன்னல் வரை ஏறியது. மூச்சு விட இடமில்லாத ஈரம், இடம் கிடைக்கும் உயரம் வரை ஏறிக்கொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டு எர்ஜி தன் வீட்டுக்கு ஒன்றும் செய்யவில்லை. அவளுடையது பார்த்தாலே தெரியும் மண் வீடு, கூரை கொஞ்சம் கூன் போட்டது. வருஷாவருஷம் சுண்ணாம்பு அடித்தாள், அவ்வளவுதான். மிலிவோய் டைல்ஸ் ஒட்டும்போது வேலிக்கு மேல் தலை நீட்டி, "அழகா இருக்கு மிலே, குளியலறையை வெளியில கொண்டுவந்துட்டே" என்றாள்.

சிமெண்ட் மூட்டை வந்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் சவ்காவின் வாய் வரை வந்தது. மண்ணை மூடாதே மனுஷா, அது வேர்க்கும் என்று சொல்ல வேண்டும். சொன்னால், எந்த மண்ணு என்று கேட்பார். அவள் உள்ளே போய்க் காப்பி போட்டாள்.

*

வெள்ளிக்கிழமை மழை இல்லை. சுவர் அறுக்கிற கிளிஷா விடிந்ததும் வண்டியோடு வந்துவிட்டான். நாற்பது வயது, தொப்பை, காதில் பென்சில். கூட அவன் தம்பி, பேச்சே இல்லாதவன். ரம்பத்தை இறக்கி வைத்துவிட்டுக் கிளிஷா சுவரை மேலும் கீழும் பார்த்தான்.

"மாமா, நல்லா ஊறியிருக்கு. பிழிஞ்சா ஒரு வாளி வரும் போல. செங்கல்தானே?"

மிலிவோய் நிமிர்ந்தார். "அடியிலருந்து முகடு வரைக்கும்."

"ஒரு துளை போட்டுப் பாத்துக்கறேன்."

"என் வார்த்தை பத்தாதா? பொண்ணு பாக்கப் போனா வாயைத் திறந்து பல்லை எண்ணுவியா?"

"என் சம்சாரத்தோட அம்மா வாயைத்தான் எண்ணியிருக்கணும் மாமா, விட்டுட்டேன்" என்றான் கிளிஷா. "கோவிச்சுக்காதீங்க. வீடு விழுந்தா உங்களுக்கு முன்னாடி எனக்குச் சங்கு."

தெருப்பக்கம் போய்த் துளையிட்டான். சிவப்புத் தூள் கொட்டியது. மிலிவோய் அந்தத் தூளை உள்ளங்கையில் வாங்கி அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். சவ்கா ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் போடு, முற்றத்துப் பக்கம் போடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கிளிஷாவும் முற்றத்துப் பக்கம்தான் திரும்பினான். ஆனால் மிலிவோய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு வாய் ஊத்திக்காம இந்த வீட்டுல யாரும் சுத்தியலைத் தொட்டதில்ல. முசுக்கட்டைப் பழத்துல நானே காய்ச்சினது."

ஒரு வாய் இரண்டாயிற்று. சவ்கா கசகசா சுருள் ரொட்டியை எடுத்து வந்தாள். அதற்குப் பிறகு முட்டை பொரித்தாள். அதற்குப் பிறகு தொங்கவிட்டிருந்த காரத் தொத்திறைச்சியை இறக்கினாள். மிலிவோய் பஸ் கதைகளை எடுத்துவிட்டார். பனியில் மாட்டிக்கொண்ட பஸ்ஸில் பிரசவம் பார்த்தது, பிஷப்பை நடுவழியில் இறக்கிவிட்டது. சவ்காவுக்கே ஆச்சரியம். காலை வேளைகளில் வாயே திறக்காத மனிதர் இன்று நிறுத்தாமல் ஓடுகிறாரே. நல்லதுதான், ஓடட்டும் என்று இன்னொரு சட்டியை அடுப்பில் வைத்தாள்.

கிளிஷா பெல்டைத் தளர்த்தினான். "அத்தை, நாம சாப்பிட்டுக்கிட்டே இருந்தா வீடு தானா காஞ்சிருமா?"

"இன்னும் வால்நட் அடை இருக்கு."

"மழை வர்றதுக்குள்ள ஒரு சுவராவது முடிக்கணும். தம்பி, எந்திரி."

வேலிக்கு மேலே எர்ஜியின் தலை வந்தது. "என்ன சவ்கா, வீட்டை அறுக்கறதா, கல்யாணச் சாப்பாடா? எனக்கு இலை போடலியே?"

"வா, வந்து உக்காரு" என்றாள் சவ்கா. ஒரு ஆள் வந்தால் இன்னும் கொஞ்ச நேரம் கடத்தலாம். ஆனால் கிளிஷா முற்றத்துச் சுவரின் மூலையில் மண்டியிட்டுவிட்டான். டைல்ஸ் நாலைந்தை உடைத்துத் தள்ளினான். அங்கே, அடியில், அஸ்திவாரத்தின் செங்கல் தெரிந்தது. "ஆமா, செங்கல்தான்" என்று திருப்தியாகச் சொல்லிக்கொண்டான்.

ரம்பத்தின் வயர் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்து பிளக்கில் செருகியிருந்தது. ரம்பம் அலறியது.

சவ்கா என்ன செய்வதென்று தெரியாமல் நிலவறைக் கதவைத் திறந்து கீழே இறங்கினாள். மெழுகுவர்த்தி மேல் வைத்த கை. அந்தக் கிழவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம். செத்தவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வீட்டைக் கொடுப்பதா? உயிரோடிருப்பவர் இத்தனை காலம் பெருமையாகத் தூக்கிச் சுமந்ததை, அந்நியர்கள் முன்னால், ஒரே சொல்லில் கீழே போடுவதா? பிலியானா வீட்டுப்பாடம் எழுதிய படிக்கு மேல்படி வரை தண்ணீர் நின்றது. காற்றுத்துளையின் வெளிச்சம் அதன் மேல் நடுங்கியது.

அப்போது ஏதோ தண்ணீரில் விழுந்தது. தொப்பென்று. மறுபடியும் தொப். வளைவு சுவரைத் தொடும் இடத்திலிருந்து மண் விழுந்துகொண்டிருந்தது. முதலில் பட்டாணி அளவு, அப்புறம் கைப்பிடி அளவு. மஞ்சள் மண். அதில் வைக்கோல், அன்று வெட்டியதுபோல, இன்னும் பொன்னிறமாக.

சவ்கா எந்த வயசிலும் அந்தப் படிகளில் அப்படி ஓடியதில்லை. சமையலறைக்குள் பாய்ந்து வயரைப் பிடித்து இழுத்தாள். ரம்பம் நின்றது. கூடவே அலமாரியில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவும் நின்றது. மின்னடுப்பின் சிவப்பு விளக்கும் அணைந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. வயரைக் கையில் பிடித்தபடியே முற்றத்துக்கு வந்து நின்றாள்.

"செங்கல் இல்ல" என்றாள். "மண்ணு. எல்லாம் மண்ணு. அறுக்காதே."

கிளிஷா மண்டியிட்டபடியே, மேலே இருந்த சுவரைப் பார்த்தான். பிறகு மெதுவாக, பாம்பைக் கண்டவன்போல, பின்னால் நகர்ந்தான். தம்பி அதற்குள் வேலியருகே போயிருந்தான்.

"மிலே எங்க?" என்றாள் சவ்கா.

மிலிவோய் வீட்டின் நடையில், மின்பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தார். மூடி திறந்திருந்தது. அவர் கை மெயின் சுவிட்சின் மேல் இருந்தது.

சவ்கா தன் கையிலிருந்த வயரைப் பார்த்தாள். அந்தச் சுவிட்சைப் பார்த்தாள். ரேடியோ ஏன் நின்றது என்று இப்போதுதான் உறைத்தது.

"உனக்குத் தெரியுமா?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"நீ எதுக்கு மெயினை அணைச்சே?"

"நீ எதுக்கு வயரைப் புடுங்கினே?"

"நான் முதல்ல கேட்டேன்."

மிலிவோய் மின்பெட்டியின் மூடியைச் சாத்தினார். மறுபடி திறந்தார். "பிலியானா பொறந்து நீ ஆஸ்பத்திரியில இருந்தப்போ, கணப்படுப்பு புகைக்குழாய்க்குச் சுவரைக் குடைஞ்சேன். குடைஞ்சா மண்ணு, வைக்கோலு. ஒரு எலிக்குஞ்சு வேற. எங்கப்பன் வந்து கதவைச் சாத்திட்டு உக்காந்துட்டாரு."

"கட்டில் ஓரத்துலயா?"

"கட்டில் ஓரத்துலதான். அவகிட்ட மூச்சு விட்டா, அவ அப்பன் குழந்தையோட கூட்டிட்டுப் போயிருவான்னு சொன்னாரு. மெழுகுவர்த்தி மேல…"

"கை வைக்கச் சொன்னாரா?"

"உன்னையுமா?"

"அந்த மெழுகுவர்த்திக்கே வலிச்சிருக்கும்" என்றாள் சவ்கா.

மிலிவோய் படியில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபம் வருமா, அழுகை வருமா என்று அவள் காத்திருந்தாள். இரண்டும் வரவில்லை. "அப்ப நான் பஸ்ஸுல கத்தினதெல்லாம்? உன் காதுக்கு வரணும்னுதான்டி அவ்வளவு சத்தமாக் கத்தினேன். நீ சந்தேகப்படக் கூடாதுன்னு."

"அந்த சிமெண்டு?"

"செங்கல் வீட்டுக்காரன் எல்லாம் பூசறான். நான் மட்டும் பூசலேன்னா, ஏன் பூசலேன்னு நீ கேப்பே."

"நான் கேக்கவே மாட்டேன் மனுஷா! பூசாதேன்னு சொல்லத்தான் வாய் அரிச்சுது."

வேலிப்பக்கம் ஒரு செருமல். எர்ஜி நகரவே இல்லை. "முடிஞ்சுதா? நான் ஒண்ணு சொல்லலாமா? தெருவுக்கே தெரியும்."

"என்ன தெரியும்?"

"அது மண்ணுன்னு. உங்க மாமனார் அந்தக் கோடை முழுக்க ஒத்தை வரிசை செங்கல் அடுக்கினதை நாங்க எல்லாரும் இங்கதான் நின்னு வேடிக்கை பாத்தோம். எங்க அத்தை தண்ணிகூடக் குடுத்தாங்க. கல்யாணம் நின்னுடக் கூடாதுன்னு யாரும் வாய் திறக்கல. அப்புறம் நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு ஆசையா செங்கல் வீடுன்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க. நடுவுல நாங்க எதுக்கு?"

"சிமெண்ட் பூசும்போதாவது சொல்லியிருக்கலாமே அக்கா!" என்றார் மிலிவோய்.

"செங்கல் மாளிகைக்காரருக்கு மண் குடிசைக்காரி வைத்தியம் சொல்லவா? என் வீட்டையும்தான் பாத்தியே, அதே தண்ணி மேலதான் நிக்குது. நான் மூடல, அது ஏறின ஈரத்தை வெளியில விட்டுடுது. அதோட என் பழைய கிணத்துல மோட்டார் போட்டுத் தோட்டத்துக்கு இறைக்கிறேன். நீங்க கிணத்து மேல காங்கிரீட் போட்டு ரோஜாத் தொட்டி வைச்சிருக்கீங்க."

கிளிஷா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். "மாமா, இத்தனை வருஷத்துல எத்தனையோ வீடு அறுத்திருக்கேன். தெருவே சேந்து பொய் சொன்ன வீட்டை இப்பதான் பாக்கறேன்." ரம்பத்தை வண்டியில் வைத்துவிட்டு உளியும் சுத்தியலுமாகத் திரும்பி வந்தான். "சாப்பிட்ட சாப்பாட்டுக்கு இந்த டைல்ஸையாவது உரிச்சுட்டுப் போறேன். தம்பி, அந்த மூலைக்கு முட்டுக் குடு."

*

உரிக்கும் வேலை கோடை வரை நடந்தது. சிமெண்ட் பாவாடையும் பழுப்பு டைல்ஸும் கொல்லையில் மலையாகக் கிடந்தன. உள்ளே அடித்த மரப்பலகையைக் கழற்றியபோது அதன் பின்புறம் காளான் முளைத்திருந்தது. சுவரை ஒட்டிச் சுற்றிலும் வாய்க்கால் வெட்டி, சரளை நிரப்பி, கூரைத் தண்ணீரை வீட்டை விட்டுத் தள்ளி விட்டார்கள். ரோஜாத் தொட்டியை நகர்த்தி, காங்கிரீட்டை உடைத்துக் கிணற்றைத் திறந்தார்கள். மோட்டார் முதல் தடவை ஓடியபோது கறுப்பாக வந்தது, பிறகு கலங்கலாக, பிறகு கண்ணாடிபோல. தக்காளிச் செடிகள் ஆள் உயரம் வளர்ந்தன. நிலவறையில் தண்ணீர் மேல்படியை விட்டு இறங்கியது. பிலியானாவின் படி தெரிந்தது. ஒரு நாள் காலையில் தரை தெரிந்தது.

பிலியானா போனில் கேட்டாள். "அறுத்தாச்சாம்மா?"

"உரிச்சாச்சு."

"என்னத்த உரிச்சீங்க?"

"வா, வந்து பாரு. தாத்தா கதை ஒண்ணு இருக்கு. போன்ல சொன்னா உனக்குச் சிரிப்பு வராது."

வீடு ஒரே கோடையில் காய்ந்துவிடாது. எர்ஜியின் கணக்கில் இன்னும் இரண்டு வருஷம் ஆகும். தெருப்பக்கத்துச் செங்கல் முகத்தை என்ன செய்வது என்று கிளிஷா கேட்டதற்கு, "அது இருக்கட்டும், அது எங்கப்பன்" என்று சொல்லிவிட்டார் மிலிவோய். பஸ் நிறுத்தத்தில் பழைய ஆட்களைப் பார்த்தால் இப்போது வேறு பாட்டு. "மண்ணு மாதிரி வருமா? செங்கல் எல்லாம் சும்மா முகப்பூச்சு."

ஜூலை மாத வெயிலில் ஒரு மத்தியானம் அவர் அக்கார்டியனை அலமாரியின் மேலிருந்து இறக்கினார். துருத்தி இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. ஆனாலும் நிலவறைப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு சுரம் பிடித்தார். கீழேயிருந்து அது மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறி வந்தது.

சவ்கா முன்னறையில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தாள். பலகை கழன்ற சுவர் வெறுமனே நின்றது. கல்யாணத்தன்று அப்பா முதுகைச் சாய்த்து உட்கார்ந்த இடம். கீழே கேட்ட பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல, விரல் முட்டியால் சும்மா அதைத் தட்டினாள்.

தப்.

தலையணையைத் தட்டியதுபோல, ஒரு துளிகூட எதிரொலி இல்லாத சத்தம்.

அவள் கொஞ்சம் தள்ளித் தட்டினாள். தப். இன்னும் கொஞ்சம் தள்ளி. தப். இங்கே செங்கல் சட்டைகூடக் கிடையாது. உள்சுவர் அன்றும் மண், இன்றும் மண். வெந்த கல்லையும் வேகாத கல்லையும் தட்டித் தட்டியே பிரித்த மனிதர், இந்தச் சுவரைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். சூளையிலிருந்து எத்தனை வண்டிக் கல் இந்த வீட்டுக்கு வந்தது என்பதும், ஒரு வீடு கட்ட எத்தனை வண்டி வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. தட்டி முடித்துத் தலை நிமிர்ந்தபோது எதிரே, கோப்பையை மறந்துவிட்டு நின்ற ஸ்வெதோசாரின் முகத்தை, ஒரு கோடை முழுக்கச் சுண்ணாம்பில் வெந்து போயிருந்த அவர் கைகளை, அப்பா பார்த்திருப்பார். மகளையும் பார்த்திருப்பார்.

நல்ல செங்கல் என்று சொன்னார். இத்தனை காலமும் சவ்கா நினைவில் வைத்திருந்தது அந்தச் சொல்லைத்தான். அந்தச் சத்தத்தை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"சவ்கா!" என்று நிலவறையிலிருந்து குரல் வந்தது. "தர்பூசணி என்னாச்சு?"

"வர்றேன், இரு" என்றாள். சுண்ணாம்புக் கையைத் துடைத்துக்கொண்டு, போவதற்கு முன் இன்னொரு தடவை தட்டிவிட்டு, அந்தச் சுவரில் சற்று நேரம் முதுகைச் சாய்த்து நின்றாள்.